யாரும் நிற்காத நாலாவது கட்டம்

கோலமாவின் மேல் ரத்தம் விழுந்தால் அது உடனே பரவிவிடாது. முதலில் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு நிற்கும். மாவு மெல்ல மெல்ல ஊறி ரோஸ் நிறமாகி, பிறகுதான் தரையில் ஒட்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் இதை நான் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ரத்தம் என் சித்தப்பாவுடையது. கோலமாவில் கோடு இழுத்தவன் நான். எங்கள் ஊரில் வயலில், டீக்கடையில், கோயில் வாசலில் என்று எத்தனையோ இடங்களில் ரத்தம் சிந்தியிருக்கிறது. இருபது வருஷத்துக்குப் பிந்தைய ஊரைக் கற்பனை செய்யக் கூட்டிய கூட்டத்தில் சிந்தியது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமை முழுக்க என்னையே சேரும்.

ஊர் திருச்சுழிக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் நடுவில் இருக்கிறது. ஒரே கண்மாய், அதற்கு மேல்மடை, கீழ்மடை என்று இரண்டு மடைகள். கண்மாய் நிறைந்த வருஷம் சண்டை கிடையாது. அடியோடு வறண்ட வருஷமும் சண்டை கிடையாது, எல்லோரும் பேசாமல் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போய்விடுவார்கள். பாதி நிறைந்த வருஷம்தான் ஆபத்து. அந்தத் தண்ணீரில் ஒரு மடையின் பயிர்தான் கதிர் காணும். யாருடைய பயிர் என்பதை மண்வெட்டியும் அருவாளும்தான் முடிவு செய்யும். எங்கள் கண்மாய் பெரும்பாலும் பாதிதான் நிறையும்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்படியொரு வருஷத்தில்தான் அப்பா செத்தார். மேல்மடைக்காரர்கள் பலகை வைத்துக் கீழ்மடையை அடைத்திருந்தார்கள். அதை எடுக்கப் போன எங்கள் ஆட்களில் அப்பா முன்னால் போனவர். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சேற்றில் இரு பக்கத்து ஆட்களும் ஒன்றாக உருண்டார்கள். யாருடைய மண்வெட்டி என்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் மண்டையில் காதுக்கு மேலே அது இறங்கியிருந்தது. கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தபோது அவர் கண் திறந்திருந்தது, என்னை அடையாளம் தெரிந்தது. மதுரை பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தார். கடைசி இரண்டு நாள், மடைப் பலகையை எடு, எடு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் சித்தப்பா டீக்கடைக்குப் போனார். மேல்மடையில் அப்போது முன்னின்று பேசுகிற ஆள் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து கிளாசை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். பின்னாளில் அவர்தான் மேல்மடைத் தலைவர் ஆனார், அதனால் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். சித்தப்பா நேரே அவரிடம் போனார். கிளாஸ் பிடித்திருந்த வலது கையை இழுத்துப் பெஞ்சு மேல் வைத்து ஒரே வெட்டு. கை தரையில் விழுந்த பிறகும் விரல்கள் மடங்கி விரிந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சித்தப்பா அருவாளைத் துடைக்காமல் நடந்தே போய் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு தரப்பிலும் வழக்கு நடந்தது, இரண்டு தரப்பிலும் சாட்சிகள் மாற்றிச் சொன்னார்கள், எல்லோரும் வெளியே வந்தார்கள்.

அதன் பிறகு சித்தப்பாதான் எங்களுக்கு எல்லாம். அடிக்கிற கை அவருக்கு. மாட்டை அடிப்பார், மகனை அடிப்பார், என்னை அடிப்பார், ஒன்றும் கிடைக்காவிட்டால் சுவரை அடித்து முட்டியைப் பெயர்த்துக்கொள்வார். அன்று சாயங்காலமே பஸ் ஏறி அருப்புக்கோட்டை போய் எங்களுக்குச் சேவு வாங்கி வருவார். அவர் அடித்த அடியில் நான் படித்து முன்னேறினேன் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். அடியால் எனக்குத் திக்குவாய்தான் வந்தது. படிப்பு அது பாட்டுக்கு வந்தது. அவரை நான் வெறுத்தேன். அவர் சாப்பிட உட்காராமல் எனக்கும் சாப்பாடு இறங்காது. இரண்டுமே உண்மை.

படித்து முடித்து, கண்மாய்களைச் சீர்செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அலுவலகம் அருப்புக்கோட்டையில். சில வருஷம் முன்பு எங்களுக்கு மதுரையில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். வரப்போகிற காலம் ஒன்றல்ல, பல. அவற்றை முன்கூட்டியே கற்பனை செய்து பார்த்தால்தான் இன்றைக்கு என்ன செய்வது என்று தெரியும் என்பது பாடம். தரையில் ஒரு கூட்டல் குறி போட வேண்டும். ஒரு கோட்டுக்கு மழை, மறு கோட்டுக்கு ஒற்றுமை. நான்கு கட்டங்கள் வரும். மழை உண்டு ஒற்றுமை உண்டு, மழை இல்லை ஒற்றுமை உண்டு, மழை உண்டு ஒற்றுமை இல்லை, கடைசியில் இரண்டும் இல்லை. மக்கள் ஒவ்வொரு கட்டத்திலும் போய் நின்று, இருபது வருஷம் கழித்து அந்தக் கட்டத்தில் வாழ்வதாகவே நினைத்து, கண்முன் நடப்பதைச் சொல்ல வேண்டும். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நாங்கள் இதைச் செய்தபோது அற்புதமாக வந்தது. நாலாவது கட்டத்தில் நான் பேசியதற்குக் கைதட்டினார்கள்.

ஊர்க் கண்மாய் எங்கள் திட்டத்துக்குள் வந்தபோது சித்தப்பா கீழ்மடைத் தலைவர், கையில்லாதவர் மேல்மடைத் தலைவர். இருவரும் இருபது வருஷத்துக்கு மேலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலத்தை அகற்றி, இரண்டு மடைக்கும் திருகு ஷட்டர் போட்டுத் தருவதாக ஏற்பாடு. பாதி நிறைந்தால் முறை வைத்துத் திறப்பது, கண்மாய்க்குள் தண்ணீர் தேங்கும் உள்வாயில் யாரும் போர்க்கிணறு போடக்கூடாது என்று இரண்டு தலைவர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடங்கும்.

ஒருநாள் சித்தப்பா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டியபடி நின்றுகொண்டே பேசினார்.

“போன ஐப்பசியில ஒந்தம்பி பைக்குப் பெட்டியில அருவாள எடுத்து வச்சதப் பாத்தேன். கேட்டா, கருவேல வெட்ட அப்பாங்கிறான். நான் சொல்லாத பொய்யா அது. நீ என்னமோ கூட்டம் போடுவியாமுல்ல, போடு. எம் மவன் அந்த மடைக்கு அருவாளோட போகக்கூடாது. அம்புட்டுத்தான் எனக்கு வேணும். தண்ணி வருது, வராமப் போகுது.”

தம்பி என்று அவர் சொன்னது அவருடைய மகனை. எனக்கு எட்டு வயது இளையவன். அப்பா செத்தபோது தொட்டிலில் கிடந்தவன், கேட்டே வளர்ந்த கோபம் அவனுக்கு. பார்த்து வளர்ந்த என் கோபத்தைவிட அது பெரியது. சித்தப்பா வாழ்நாளில் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான். மேலதிகாரியிடம் பேசி அடுத்த வாரமே தேதி குறித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். ஆண்களும் பெண்களுமாக அறுபது பேர் இருக்கும். மேல்மடை ஜன்னல் பக்கம், கீழ்மடை கரும்பலகைப் பக்கம். தம்பி வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். நான் கோலமாவால் கோடு இழுத்ததும் பெண்கள் சிரித்தார்கள், கோடு கோணலாம். முதல் கட்டத்தில் நிற்க இடம் போதவில்லை. வீட்டுக்குள்ளேயே குழாயில் தண்ணீர் வருகிறது என்றார்கள். மல்லியும் வத்தலும் காயவைக்க களம் பத்தவில்லை என்றார்கள். திருச்சுழி பஸ் நேரத்துக்கு வருகிறது என்று ஒருவர் சொன்னதும், இதெல்லாம் நடக்கிற காரியமா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டாவது கட்டத்தில் குதிரைவாலி விதைத்தார்கள், குடிதண்ணீரைப் பங்கு போட்டார்கள். மூன்றாவதில் குரல் இறங்கிவிட்டது. கண்மாய் தளும்பி நிற்கிறது, மடையைத் தொட ஆளில்லை என்று ஒரு கிழவர் சொல்லிவிட்டு அவசரமாக வெளியே வந்தார்.

நாலாவது கட்டத்தில் யாரும் கால் வைக்கவில்லை.

எனக்கு முதலில் காரணம் புரியவில்லை, அந்த ஊரில் பிறந்தவனுக்கு. எங்கள் பக்கத்தில் சொந்த வீட்டுக்கு வரும் கெடுதலை வாயால் சொல்ல மாட்டார்கள். விளக்கு அணைந்தால் குளிர்ந்தது என்பார்கள். வெளியே கிளம்புகிறவன் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டால், கூப்பிட்டு நிறுத்தி ‘வாரேன்’ என்று சொல்லவைத்து அனுப்புவார்கள். சொன்னது பலித்துவிடும் என்ற பயம். அறுபது பேரும் அந்தக் காலிக் கட்டத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். என் கையில் இருந்த பயிற்சித் தாளில் நான்கு கட்டமும் நிரம்ப வேண்டும் என்று போட்டிருந்தது. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

“ஒங்க மடையப் பத்திச் சொல்ல வேண்டாம். எதிர்மடை என்னாகும்னு சொல்லுங்க.”

இன்றுவரை இதைத் தவறு என்றே எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். தவறு மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவைக் கொன்றதாக நான் நம்பியிருந்த மனிதர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, என் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் அவர் முகத்துக்கு நேரே அவருடைய அழிவைச் சொல்லி நான் கேட்க வேண்டும் என்ற ஆசை என் நாக்கின் அடியில் இருந்திருக்கலாம். ஆனால் முதலில் எழுந்தது அவர்தான்.

நாலாவது கட்டத்துக்குள் நிதானமாக வந்து நின்றார். வலது கை இருந்த இடத்தில் சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார்.

“சார் சொல்லச் சொல்றாரு, சொல்றேன். கீழ்மடையில வரப்பே தெரியல, பூராம் கருவேல. இவுக வீட்டுக் கதவக் கரையான் தின்னுருச்சு. உள்ள ஆம்பள கிடையாது. இவுக மவன் மடையில வெட்டுப்பட்டுச் செத்து நாளாச்சு. இவுகளுக்குக் கொள்ளி வைக்க ஆளில்லாமத் தெருவே நிக்கிது.”

கடைசிவரை ‘இவுக’ என்ற மரியாதையை அவர் விடவில்லை. நான் ‘போதும்’ என்று சொல்ல வாயெடுத்தேன். திக்குவாய், ‘போ’வோடு நின்றுவிட்டது.

சித்தப்பா எழுந்ததை யாரும் பார்க்கவில்லை, போய்ச் சேர்ந்ததைத்தான் பார்த்தோம். தன் நெற்றியால் மேல்மடைத் தலைவரின் வாயில் முட்டினார். முன்பல் இரண்டு உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தன. மல்லாக்க விழுந்தவரின் மார்பில் ஏறி உட்கார்ந்து குரல்வளையைப் பிடித்தார். அதற்குள் இரண்டு மடையும் ஒன்றின் மேல் ஒன்று பாய்ந்துவிட்டன. பிளாஸ்டிக் சேர்கள் தலைகளில் நொறுங்கின. ஒருவன் கரும்பலகையைப் பெயர்த்துச் சட்டத்தோடு வீசினான், அது ஒரு பெண்ணின் தோளில் விழுந்தது. சிரித்துக்கொண்டிருந்த அதே பெண்கள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டார்கள். எனக்கு அடிவயிற்றில் ஓர் உதை விழுந்தது. உதைத்தவன் என்னோடு அந்தப் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவன். குனிந்தவாக்கில் கோலமாக் கிண்ணத்தை எதற்கோ கையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி வாசலில் இல்லை. திரும்பி வந்தபோது அருவாளோடு வந்தான். கூட்டம் தானாகவே விலகியது, எங்கள் ஊரில் அருவாளுக்கு வழிவிட யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். மேல்மடைத் தலைவர் மூச்சு முட்டி நீலமாகிக் கிடந்தார். இடது கையையும் வலது கையின் மொட்டையையும் முகத்துக்கு நேரே தூக்கியிருந்தார். தம்பி ஓங்கினான். அந்த நேரத்தில் சித்தப்பா தலை நிமிர்ந்தார். மகனின் முகத்தைப் பார்த்தார். அவருடைய வலது கை குரல்வளையிலிருந்து எழுந்தது. இறங்கிய அருவாளின் கூர்வாயை விரித்த கையால் பிடித்தார்.

நான்கு விரல்கள். கட்டைவிரல் மட்டும் தப்பியது.

தம்பி அருவாளைப் போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தான். கூட்டம் வாசலை நோக்கி ஓடியதில் விரல்கள் மிதிபட்டன. பிறகு நான்தான் கோலமாவில் தேடிப் பொறுக்கினேன். அதற்குள், அதுவரை கழுத்து நெரிபட்டுக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். வாயிலிருந்து ரத்தம் ஒழுகத் தன் துண்டை எடுத்து, ஒரு முனையை இருக்கிற பற்களால் கடித்து, மறு முனையை இடது கையால் இழுத்து, சித்தப்பாவின் முன்கையைச் சுற்றிக் கட்டினார். ‘மேல புடிங்க, இன்னும் மேல, இறுக்கணும்’ என்று அவர் சொன்னது மட்டும் கேட்டது. எங்கே கட்ட வேண்டும் என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

மதுரையில் விரல்களை ஒட்டவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அந்த அளவுக்கு நசுங்கியிருந்தன. விசாரிக்க வந்த போலீசிடம், நானாகத்தான் போய்ப் பிடித்தேன் என்றார் சித்தப்பா. அதில் பொய் இல்லை. நாலாம் நாள் மத்தியானம் மேல்மடைத் தலைவர் வார்டுக்கு வந்தார், வீங்கிய வாயும் இடது கையில் ஒரு சாத்துக்குடிப் பையுமாக. தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

சித்தப்பாதான் ஆரம்பித்தார். கண் மேலே மின்விசிறியில் இருந்தது.

“அண்ணன அடிச்சது நீயா, வேற ஆளான்னு எனக்கு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. யாரையாச்சும் வெட்டாம என்னால சோறு திங்க முடியல. டீக்கடைக்கு வந்தேன். நீ ஒக்காந்திருந்த. அதான்.”

இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வெட்டை நியாயம் என்று நம்பியே நான் வளர்ந்தவன். மேல்மடைத் தலைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

“யாரு மம்முட்டி பட்டுச்சுன்னு எனக்கும் தெரியாது. சேத்துல எல்லாரும் வீசினோம்” என்றார். பிறகு, “ஆறு மாசத்துக்கு வெரல் இருக்க மாதிரியே அரிக்கும். சொறியக் கை போகும், அங்க ஒண்ணும் இருக்காது. பைத்தியம் புடிக்கும். வீட்டாளுகள அடிச்சிராதீக” என்றார்.

சித்தப்பா அழுது அன்றுதான் பார்த்தேன். சத்தமே வரவில்லை, தாடை மட்டும் ஆடியது.

ஒப்பந்தத் தாளை நான் கொண்டுபோகவில்லை. அதை நினைக்கவே கூசியது. ஆனால் இரண்டு மாதம் கழித்து இருவருமே கேட்டனுப்பினார்கள். கண்மாய்க் கரையில் எல்லோரும் பார்க்கப் போட்டார்கள். எழுதத் தெரிந்த இரண்டு பேர், இரண்டு பேருக்கும் எழுதுகிற கை இல்லை. இடது கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார்கள்.

இப்போதும் நான் இதே வேலையில்தான் இருக்கிறேன். வேறு ஊர்களில் கட்டம் போடுகிறேன், ஆனால் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். மேலதிகாரி ஏன் என்று கேட்டால், நாலாவதில் ஏற்கெனவே வாழ்ந்து முடித்தவர்களை அங்கே போய் நிற்கச் சொல்வது என்னால் ஆகாது என்பேன். சித்தப்பாவைப் போன்றவர்களுக்கு அது வரப்போகிற காலம் இல்லை. எங்கள் கண்மாய் நல்ல கட்டத்துக்குப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். வெட்டிய கருவேலம் மறுபடி இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. உள்வாய் ஓரமாக ஒருவர் போர் போட்டேவிட்டார், பஞ்சாயத்து இழுபடுகிறது. மழை தன் இஷ்டத்துக்குத்தான் பெய்கிறது. சித்தப்பா போன தை மாதம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்தது தம்பிதான்.

ஷட்டர் போட்ட பிறகு வந்த முதல் கார்த்திகையில் கண்மாய் சரியாகப் பாதி நிறைந்தது. தண்ணீர் விடும் முதல் முறை கீழ்மடைக்கு என்று சீட்டு விழுந்தது. எதிர்மடை ஆள் ஒருவர் உடன் நிற்கும்போதுதான் திறக்க வேண்டும் என்று பேச்சு. காலை எட்டு மணிக்கு மேல்மடைத் தலைவர் தனியாக வந்து மடையில் நின்றார். சித்தப்பா தம்பியை அனுப்பினார். சட்டையைக் கழற்றச் சொல்லி, வேட்டியை உதறச் சொல்லி, பைக்கை வீட்டிலேயே விட்டு நடக்கச் சொல்லி அனுப்பினார். அவர் மட்டும் கரையில், மடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார், வெட்டுப்பட்ட கையை அக்குளுக்குள் வைத்தபடி. நான் பக்கத்தில் நின்றேன். ‘வா தம்பி, நீ திருப்பு, எனக்கு ஒத்தக் கை’ என்ற குரல் கேட்டது. தம்பி தயங்கி நின்றதும், பிறகு சக்கரத்தில் கை வைத்ததும் எனக்குத் தெரிந்தது. இரும்பு கிறீச்சிட்டது.

“ரெண்டு பேரும் நிக்கிறாகளா?” என்றார் சித்தப்பா.

“நிக்கிறாக.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“நிக்கிறாக சித்தப்பா.”

எங்களுக்குப் பின்னால் மடையில் தண்ணீர் விழத் தொடங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.